காருக்குள் குழந்தை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கே: மருந்துக்கடையில் ஐந்து நிமிட வேலைதான். தூங்கும் குழந்தையை எழுப்பாமல், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுப் போகலாமா?

ப: கூடாது. இரண்டு விரல் இடைவெளியால் சூடு ஏறும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே பத்து நிமிடத்தில் 45. அரை மணியில் 50-ஐத் தாண்டும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். கடையில் முன்னால் நான்கு பேர் நின்றால் உங்கள் ஐந்து நிமிடம் இருபதாகிவிடும்.

கே: மரநிழலில் நிறுத்தினால்?

ப: வேகம் குறையும், ஆபத்து நீங்காது. நிழலும் நகரும்.

கே: ஏசியை ஓடவிட்டுப் போனால்?

ப: எஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். குழந்தை கியரைத் தொடும். மூடிய ஷெட் என்றால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வேறு. கூடாது.

கே: எங்கள் கார் வாசலில்தான் நிற்கும். பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாடுவார்கள். நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோமே, பயமில்லைதானே?

ப: இருக்கிறது. "மறந்துவிட்டுப் போகும் பெற்றோர்" பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பூட்டாமல் நிற்கும் காரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் 2025 மே மாதம் விளையாடப் போய் காருக்குள் மாட்டிக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது. முன்சீட்டுக்குத் தாவலாம் என்பது மூன்று வயதுக்குத் தோன்றாது. சூடு ஏற ஏறச் சோர்ந்து மயங்கும், கத்தாது. அதனால் வீட்டிலிருப்பவர்களுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. ஓடாமல் தெருவோரம் நிற்கும் பழைய கார்களும் இதில் சேர்த்திதான். காரைப் பூட்டுங்கள், டிக்கியையும் பூட்டுங்கள், சாவியை உயரத்தில் மாட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு முன்கதவைத் திறக்கவும், தொடர்ந்து ஹாரன் அடிக்கவும் பழக்குங்கள். பல கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் கிணறு, தண்ணீர்த்தொட்டி. அடுத்து அக்கம்பக்கத்துக் கார்கள், டிக்கி உட்பட.

கே: காரில் இருந்த குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தால் பாராசிட்டமால் எவ்வளவு?

ப: வயது என்ன, விழித்திருக்கிறதா, எதுவும் எழுதவில்லை. இது கடிதம் எழுதிக் கேட்கும் விஷயமே அல்ல, 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, வெளிச்சூடு உடம்பில் ஏறியது. உடையைக் கழற்றி, உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கே: யாரோ ஒருவர் காரில் குழந்தை மயங்கிக் கிடக்கிறது. கண்ணாடியை உடைக்கலாமா?

ப: உடனே. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தையிடமிருந்து தள்ளி உள்ள பக்கவாட்டுக் கண்ணாடியின் கீழ் மூலையில், கூர்முனையுள்ள இரும்பால் அடியுங்கள். கையில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது விரிசல் விடுமே தவிர வழிவிடாது.

கே: பெற்ற பிள்ளையை யாராவது மறப்பார்களா?

ப: மறப்பார்கள். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வழக்கமாகக் குழந்தையைக் காப்பகத்தில் விடாதவர் ஒருநாள் விடப்போகும்போது, பின்சீட்டில் அது தூங்கிவிட்டால், கை பழகிய பாதையில் நேரே அலுவலகத்துக்கு ஓட்டிவிடும். கைப்பையையோ செல்போனையோ பின்சீட்டில் வையுங்கள். குழந்தை பத்து நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் பெற்றோர் இருவருக்கும் போன் செய்யும்படி காப்பகத்தில் சொல்லி வையுங்கள். இறங்கியதும் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள், குழந்தை வராத நாளிலும்.