பைக் பொக் லைட் கோளாறுகள்: கேள்வியும் பதிலும்

மாரி முடிந்து தை பிறந்தால் எரியாத பொக் லைட்டோடு (ஹெட்லைட்டுக்குத் துணையாக முன்னால் மாட்டுகிற லைட்) பைக்குகள் என்னிடம் வரத் தொடங்கிவிடும். கல்லடியில் வயரிங் வேலை செய்கிறேன். இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து பலரும் கேட்டவற்றுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். புது லைட் வாங்க முன் வோல்ட், அம்பியர் அளக்கிற ஒரு சாதாரண மீற்றரோடு அரை மணி நேரம் உட்காருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கல்முனையிலிருந்து: அண்ணன், இரண்டு லைட்டில் இடப்பக்கம் மட்டும் மங்கல். அதற்கு வரும் வயரில் மீற்றர் வைத்தேன், 12.5 வோல்ட் இருக்கிறது. அப்போ லைட்தானே பழுது?

அவசரப்படாதீர்கள் தம்பி. சொக்கெட்டைக் கழற்றி வைத்துத்தான் அளந்திருப்பீர்கள். கரண்ட் ஓடாத வயரில் ஒரேயொரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் முழு வோல்ட்டையும் காட்டும். லைட்டை மாட்டி, எரிய விட்டுக்கொண்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

மீற்றரின் சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை லைட்டின் பிளஸ் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பாதை நல்லது. அப்புறம் கறுப்பைப் பற்றரி மைனஸிலும் சிவப்பை லைட்டின் ஏர்த் வயரிலும் (கரண்ட் மைனஸுக்குத் திரும்பிப் போகிற வயர்) வையுங்கள். அங்கே 2, 3 வோல்ட் காட்டினால் ஏர்த் பாதைதான் பிழை. நம்ம பக்கத்தில் பெரும்பாலும் அதுதான். ஏர்த் வயரைக் கிராஷ் பார் (முன்பக்கக் காவல் கம்பி) நட்டிலேயே இறுக்கிவிடுவார்கள். அடியில் பெயின்ட் இருக்கும், ஒரு மாரி போனால் துருவும் சேரும். மலிவான லைட் அப்போது மங்கும். உள்ளே கரண்டைச் சீராக வைக்கிற நல்ல டிரைவர் சர்க்கிட் இருக்கிற லைட் மங்காது, விட்டு விட்டு எரியும்.

ஏர்த்துக்குத் தனி வயர் இழுத்து நேரே பற்றரி மைனஸுக்குக் கொண்டு போங்கள். பழைய வயரை வெட்டும்போது செம்பின் நிறத்தைப் பாருங்கள். உப்பு ஏறினால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும், அது உறைக்குள்ளே பல அங்குலம் போயிருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டித்தான் புது இணைப்புப் போட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஒரு மாரிகூடத் தாங்காது. ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். ஈயம் வைத்த இடத்தில் வயர் விறைத்துவிடும், அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். அதனால் இரண்டு பக்கமும் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்.

முன்னொரு தடவை ஒரு மீன் வியாபாரியின் பைக்குக்கு அளந்து பார்க்காமல் இரண்டு லைட்டையும் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அதே மங்கலோடு வந்து நின்றார். ஏர்த் நட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு. லைட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை.

அளந்தும் இரண்டு பாதையும் சரியாக இருந்தால் இடதையும் வலதையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மங்கலும் கூடவே போனால் லைட்தான் பழுது.

ஓட்டமாவடியிலிருந்து: ஹாண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் பியூஸ் போகிறது. 7.5 அம்பியர் போட்டிருக்கிறேன். 20 போட்டால் போகாது என்று ஒருவர் சொன்னார்.

20 போடவே வேண்டாம். பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 20 அம்பியர் பியூஸ் போவதற்குள் உங்கள் மெல்லிய வயர் உருகிவிடும், அதுவும் பெற்றோல் டாங்கிக்குக் கீழே. 20 வாட் லைட் இரண்டும் சேர்ந்து 40 வாட், 12 வோல்ட்டில் 3.3 அம்பியர்தான். 5 அம்பியர் பியூஸே போதும்.

ஹாண்டில் கழுத்தில் எங்கோ வயர் உரசி, உறை கிழிந்து, சட்டத்தில் படுகிறது. பியூஸ்களை வீணாக்காமல் அந்த இடத்தைப் பிடிக்கலாம். இரண்டு லைட்டின் சொக்கெட்டையும் கழற்றி விடுங்கள். பியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றை இணையுங்கள். சுவிட்சைப் போட்டு ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். வயர் சட்டத்தில் படுகிற நேரம் பல்ப் பிரகாசமாக எரியும். அப்படியே நிறுத்தி, வயர்க்கட்டை விரலால் ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டு போங்கள். பல்ப் அணைகிற இடம்தான் கிழிசல். சரி செய்துவிட்டு, இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்ப வயருக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

ஏறாவூரிலிருந்து: சுவிட்ச் போட்டால் ரிலே 'டிக்' என்கிறது, லைட் எரியவில்லை.

ரிலே என்பது சுருளால் இயங்குகிற ஒரு சுவிட்ச், அதன் கால்களில் எண் போட்டிருக்கும். சத்தம் வந்தால் 85, 86 என்ற கால்களில் உள்ள சுருள் வேலை செய்கிறது, அவ்வளவுதான். 30ஆம் காலில் எப்போதும் பற்றரி வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பியூஸ் வைக்கிற கூட்டைத் திறந்து பாருங்கள், தகடு பச்சை பிடித்திருக்கும். 30இல் வோல்ட் இருக்கிறது, டிக் என்ற பிறகும் லைட்டுக்குப் போகிற 87இல் வரவில்லையென்றால் ரிலேயின் உள்முனை கருகிவிட்டது, புதிது போடுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: எனக்கு நேர்மாறு. சுவிட்சை நிறுத்தினால் எரிகிறது, போட்டால் அணைகிறது.

87க்குப் பதிலாக, ரிலே சும்மா இருக்கும்போது கரண்ட் வருகிற 87ஏ காலில் வயரை மாட்டியிருக்கிறார்கள். மாற்றுங்கள், முடிந்தது.

செங்கலடியிலிருந்து: ஐயா, பழைய 100 சிசி பைக். ஹெட்லைட் வயரிலேயே எல்.ஈ.டி. லைட்டைக் கொடுத்தோம். ஸ்லோவில் மினுங்குகிறது, வேகம் எடுத்தால் சரியாகிறது.

அந்தக் காலத்துச் சிறிய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பற்றரியிலிருந்து கரண்ட் வருவதில்லை. எஞ்சின் சுருளிலிருந்து நேரே ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது) வரும், எஞ்சின் ஓட்டத்தோடு கூடிக் குறையும். எல்.ஈ.டி. லைட்டுக்கு டிசி கரண்ட் (பற்றரியில் போல ஒரே திசையில் ஓடுவது) வேண்டும். அதனால் பற்றரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாகக் கொடுங்கள். ரிலேயின் சுருளையும் அந்த ஹெட்லைட் வயரில் மாட்டாதீர்கள், ஏசியில் அது துடித்துக்கொண்டே இருக்கும். சாவி போட்டால் டிசி வருகிற ஒரு வயரில், ஹோர்னுக்குப் போகிற வயர் போல ஒன்றில் மாட்டுங்கள்.

மாற்றிய பிறகு எல்லா லைட்டையும் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்துப் பற்றரியில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. கீழே இறங்கினால் அந்த எஞ்சினுக்கு அவ்வளவு லைட் சுமை தாங்காது. ஒன்றைக் குறையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஒரு கிழமை ஓடாமல் விட்டால் பற்றரி இறங்கிவிடுகிறது. லைட் எல்லாம் அணைத்துத்தான் வைக்கிறேன்.

லைட்டோடு சேர்த்து போன் சார்ஜரும் சிறிய வோல்ட் மீற்றரும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவை நேரே பற்றரியில் இருந்தால் இரவு பகலாகக் குடிக்கும். 30 மில்லி அம்பியர் போனாலே ஒரு நாளைக்கு 0.7 அம்பியர்-மணி. 4 அம்பியர்-மணிப் பற்றரி எப்படி ஒரு கிழமை தாங்கும்? சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவே மீற்றரை அம்பியர் நிலையில் வைத்து அளங்கள். சில மில்லி அம்பியர் என்றால் பரவாயில்லை. மீற்றர் இருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மீற்றர் கருகிவிடும்.

காத்தான்குடியிலிருந்து: கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. சிலிக்கன் பூசி முழுக்க அடைத்துவிடவா?

எரிய விட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைகிற ஆவி என்றால் அப்படியே விடுங்கள். பின்பக்கத்தில் சிறிய மூச்சுத் துளை இருக்கும். அதை அடைத்தால் சூடான லைட் மழையில் குளிரும்போது வேறு வழியால் தண்ணீரை உள்ளே இழுக்கும். துளி துளியாகத் தண்ணீர் நின்றால்தான் பிரித்து, காயவைத்து, ரப்பரை மாற்ற வேண்டும்.

பொத்துவிலிலிருந்து: அண்ணன், நான் ஆசிரியை. சில நாட்களில் இருட்டிய பிறகு லாகுகலைப் பக்கத்தால் வர வேண்டும், யானைப் பயம். லைட் புதிது, ஆனால் எதிரே வருபவர்கள் திட்டுகிறார்கள், தூரமும் தெரியவில்லை.

தங்கச்சி, உங்கள் லைட் பழுதில்லை, பார்க்கிற இடம்தான் பிழை. சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி பைக்கை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்காருங்கள். லைட்டின் நடு, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருவரை அளக்கச் சொல்லி, அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 4 அங்குலம் கீழே நிற்க வேண்டும். இப்போது அது மரக்கிளைக்குப் போகிறது, றோட்டுக்கு வருவது மிச்சம்தான்.

அகலமாகப் பரவுகிற லைட்டாக இருந்தால் நல்லது. றோட்டோரப் பற்றைக்குள் நிற்கிற யானையைக் காட்டுவது அதுதான். மழையிலும் பனியிலும் மஞ்சள் வெளிச்சத்தில் கண் குறைவாகக் கூசும் என்று பலர் சொல்வார்கள். எதிரே வண்டி வந்தால் அணைக்க வசதியாக, சுவிட்சைக் கைப்பிடிக்குப் பக்கத்தில், பெருவிரல் எட்டுகிற இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். யானையைக் கண்டால் வெளிச்சத்தை அதன் மேல் அடித்து ஹோர்ன் பண்ண வேண்டாம். தூரத்திலேயே நின்று, பைக்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டு, லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள்.