நரிவாலுக்கு மண் எதற்கு?

கேள்வி: போன மாதம் ஏற்காடு போனபோது நர்சரியில் ஒரு நரிவால் ஆர்க்கிட் வாங்கினேன். செம்மண், தொழு உரம் கலந்து தொட்டியில் வைத்து, காலை மாலை தண்ணீர் ஊற்றுகிறேன். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பிழைக்குமா அம்மா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பிழைக்கும். ஆனால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். என் முதல் நரிவாலையும் நான் இப்படித்தான் கொன்றேன். ரோஜாவுக்குப் போட்டு மிஞ்சிய எருவையெல்லாம் அதன் தலையில் கொட்டினேன். ஒரே மாதத்தில் வேர் கூழாகிவிட்டது.

இது மரக்கிளையில் தொற்றி வளர்கிற செடி. மரத்தை உறிஞ்சாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான் மரம். வேருக்கு மேல் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கண்ணெதிரே பச்சையாகும். காய்ந்ததும் மறுபடி வெள்ளி நிறம். அந்தக் காய்ச்சலும் அதற்கு வேண்டும். மண்ணுக்குள் காற்றே இல்லாமல் எப்போதும் நனைந்து கிடந்தால் அழுகாமல் என்ன செய்யும்?

வேரைக் கழுவி, ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர். பிளேடைத் தீயில் காட்டி அதை வெட்டுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும். நிழலில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தொங்கட்டும்.

அப்புறம் வீட்டில் மாமரம் இருக்கிறதா? சேலத்தில் கேட்க வேண்டிய கேள்வியா இது! அதன் சொரசொரப்பான பட்டை இதற்கு அருமையான இடம். கிழக்குப் பக்கமாக, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுங்கள். துணி இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துவிடும். இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்காதபடி செடி கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். முருங்கையில் மட்டும் வேண்டாம், கம்பளிப்பூச்சியோடு யார் மல்லுக்கட்டுவது? மரமே இல்லையென்றால் மரச்சட்டக் கூடையில் அடுப்புக்கரித் துண்டுகள் போட்டு வைக்கலாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறைக்கூடத் தொடாது. வெயிலை இது ஓரளவு தாங்கும். காற்றில் ஈரம் இல்லாததுதான் சிக்கல். அதனால் மரத்தில் கட்டிய பிறகு கோடையில் தினமும் காலையில் நனையுங்கள், மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள், மார்கழியில் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையில் வெள்ளைப் படலம் கட்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. புது வேர் ஓடத் தொடங்கியபின் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டிய காட்டு மரங்களில் நிறைய இருக்கின்றன. பெயர்த்து வரலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். காப்புக்காட்டில் எடுப்பது குற்றம். இதன் விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடே கிடையாது. ஒரு வகைப் பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். ஒன்றைப் பெயர்த்தால் அந்த இடத்தில் இன்னொன்று வர எத்தனை வருஷமோ. உங்கள் தோட்டத்துக் கிளை ஒடிந்து விழுந்து அதில் இருந்தால் எடுத்துக் கட்டுங்கள், அது புண்ணியம். விதவிதமாகப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டிலேயே தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறதே.

கேள்வி: மூன்று வருஷமாக இலை மட்டும்தான். பூ ஏன் வரவில்லை?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: இலை கரும்பச்சையா? அப்படியானால் வெளிச்சம் போதவில்லை. வெளிர்பச்சைக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள், பத்து மணிவரை வெயில் படலாம். சித்திரை, வைகாசியில் சரம் இறங்கும். வெள்ளையில் ஊதாப் புள்ளி வைத்த பூக்கள், ஒரு சரத்தில் நூறுக்கு மேல்கூட இருக்கும். அசாமில் இதுதான் மாநிலப் பூ, பிஹு பண்டிகைக்குப் பெண்கள் கொண்டையில் சுற்றிக்கொள்வார்கள். என் மருமகளும் ஒருமுறை கேட்டாள். மல்லிகை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.