பதில்: விறைப்பான ஃப்ரீரைடு ஸ்கீ மரங்களுக்கிடையே திரும்ப மறுப்பது ஏன்?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து ஆண்டுதோறும் காஷ்மீரின் குல்மார்க் செல்லும் நீங்கள், புதிதாக வாங்கிய 190 செ.மீ. ஃப்ரீரைடு ஸ்கீ (செப்பனிடாத பனியில் ஓட்டும் சறுக்குப் பலகை) அங்குள்ள அஃபர்வாட் மலையின் திறந்த சரிவில் உறுதியாக ஓடுவதாகவும், கீழே மரங்களுக்கிடையே திரும்ப மறுத்துத் தொடையைச் சோர்வடையச் செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் திறமையில் குறையிருப்பதாக நான் கருதவில்லை.

மர உள்ளகத்தின் மேலும் கீழும் டைட்டனால் என்னும் அலுமினியக் கலவைத் தகடு பதித்த ஸ்கீ, அதிர்வை உள்வாங்கி, கலைந்து இறுகிய பனியிலும் தடம் மாறாமல் செல்லும்; ஆனால் அதை வளைக்கும் விசை வேகத்திலிருந்தும் உடல் எடையிலிருந்தும்தான் வரவேண்டும். மரங்களுக்கிடையே வேகம் குறைகிறது. அங்கே பின்சாய்ந்தால் பின்முனை பனியில் மாட்டிக்கொள்ளும், தொடையும் எரியும். கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி நிற்பதே இத்தகைய ஸ்கீ கேட்கும் நிலை.

உங்கள் 60 கிலோ எடைக்கு அந்த நீளம் அதிகம் என்பதே என் கணிப்பு. விற்றுவிடுமுன், அதே மாதிரியில் ஓர் அளவு குறைந்ததை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பூட்ஸை ஸ்கீயுடன் பிணைக்கும் பைண்டிங்கை ஓரிரு செ.மீ. முன்னே நகர்த்தினாலும் திருப்பம் எளிதாகும், ஆழ்பனியில் மிதப்பு சற்றுக் குறையும். ஆனால் அதன் பழைய திருகுத் துளைகளுக்கு மிக அருகில் புதியவற்றை இட்டால் பிடிமானம் கெடும். செலவில்லாத முதல் முயற்சி, இரு முனைகளிலும் எஃகு விளிம்பைச் சற்று மழுக்குவது.

நம் மலையில் உறைபனி புல்லை வெளுக்கச் செய்வதோடு சரி. ஆயினும் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் இறங்கி நடப்பது, ஏறுவதைவிட, ஸ்கீக்கு வேண்டிய தொடை வலிமையைத் தரும்.