இரண்டு பேஸ் என்றால் இரண்டுதான்!

வாசகர் கேள்வி – பதில்: பேஸ்பால் பிளேஆஃப் (சாம்பியனை முடிவுசெய்யும் கடைசிச் சுற்றுகள்) சர்ச்சைகள்

கேள்வி: 2025 வேர்ல்ட் சீரிஸ் (இறுதிப் போட்டித் தொடர்) ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். அடிசன் பார்ஜர் அடித்த பந்து சுவரின் அடியில் செருகிக்கொண்டது. முதல் பேஸில் இருந்த மைல்ஸ் ஸ்ட்ரா நிச்சயம் ரன் எடுத்திருப்பார். அவரை மூன்றாவது பேஸில் நிறுத்திவிட்டார்களே, இது பகல் கொள்ளை இல்லையா?
– டொராண்டோ ப்ளூ ஜேஸ் ரசிகர், ஸ்கார்பரோ

பதில்: கொள்ளை இல்லை, கெட்ட நேரம். அடிபட்ட பந்து வேலிக்குள் புகுந்தாலோ, அதன் அடியில் போனாலோ, அதில் சிக்கிக்கொண்டாலோ எல்லாருக்கும் இரண்டு பேஸ் என்கிறது விதி 5.05. பிட்சர் பந்தை வீசிய நேரத்தில் யார் எங்கே இருந்தார்களோ, அங்கிருந்து எண்ண வேண்டும். ஸ்ட்ரா இருந்தது முதல் பேஸில். ஒன்றோடு இரண்டைக் கூட்டினால் மூன்று. நான்காவதான ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ரன். அவர் எவ்வளவு வேகமாக ஓடுவார், பந்து எவ்வளவு தூரம் போனது என்பதையெல்லாம் அம்பயர் பார்க்கவே கூடாது.

பேஸ்பால் விதிகளில் சில எண்ணிக் கொடுப்பவை, சில என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக் கொடுப்பவை. சுவரில் சிக்கிய பந்து முதல் வகை. 2021 அமெரிக்கன் லீக் டிவிஷன் சீரிஸ் (பிளேஆஃபின் ஒரு சுற்று) மூன்றாவது ஆட்டத்தில் டாம்பா பே ரசிகர்களுக்கும் இதே வயிற்றெரிச்சல்தான். பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் 13-வது இன்னிங்ஸ், ஸ்கோர் 4–4. கெவின் கியர்மையர் அடித்த பந்து சுவரில் பட்டுத் திரும்பி, ஃபீல்டர் ஹன்டர் ரென்ஃப்ரோவின் உடம்பில் மோதி, வேலியைத் தாண்டி வெளியே விழுந்தது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய யாண்டி டியாஸுக்கு மூன்றாவது பேஸ்தான் கிடைத்தது. அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் பாஸ்டனின் கிறிஸ்டியன் வாஸ்கெஸ் ஹோம் ரன் (பந்தை நேராக வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்து 6–4 என்று ஆட்டத்தை முடித்துவிட்டார்.

இதைக் கிரவுண்ட் ரூல் டபுள் (மைதான விதிப்படி இரண்டு பேஸ்) என்று சொல்லிச் சொல்லியே, ஏதோ அந்த மைதானத்துக்கென்று எழுதிய விதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேல்தளம், குழாய், கேமரா மேடை போன்றவற்றுக்குத்தான் மைதானத்துக்கு மைதானம் தனி விதி உண்டு. இது பொதுப் புத்தகத்திலேயே இருப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்து சிக்கியதைப் பார்த்ததும் எதிரணியான டாட்ஜர்ஸின் சென்டர் ஃபீல்டர் ஜஸ்டின் டீன் அதைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கினார். பயிற்சியில் சொல்லித்தருவது இதைத்தான். பிடுங்கி எறிந்திருந்தால், எடுக்க முடிந்த பந்துதானே என்று அம்பயர் ஆட்டத்தைத் தொடரவிட வாய்ப்புண்டு.

உண்மையில் டொராண்டோ கோட்டைவிட்டது அதற்குப் பிறகு. டாட்ஜர்ஸ் 3–1 என்று முன்னிலை, இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. எர்னி கிளெமென்ட் முதல் பந்தையே உயரே தூக்கி அடித்து அவுட். அடுத்து ஆண்ட்ரேஸ் ஹிமெனெஸ் இடப்பக்கம் அடித்த தாழ்வான பந்தை கிக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிய, அதற்குள் அங்கிருந்து விலகிப் போய், பந்து பிடிபட்டதால் திரும்பியாக வேண்டியிருந்த பார்ஜரும் அவுட். ஆட்டம் முடிந்தது. தாழ்வாக வரும் பந்து தரையில் விழும் என்று தெரியும்வரை ரன்னர் நகரக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லும் பாடம். கோபத்தைச் சுவர்மேல் காட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

கேள்வி: 2012-ல் அட்லாண்டா பிரேவ்ஸுக்கு நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. புல்வெளியில் அத்தனை தூரம் போய் விழுந்த பந்துக்கு ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ என்று எப்படி அவுட் கொடுக்கலாம்?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: முதலில் அந்த விதி எதற்காக என்று பார்ப்போம். முதல், இரண்டாவது பேஸில் ஆள் இருக்கிறார்கள். பந்து செங்குத்தாக உயர்கிறது. பிடிக்கப்படும் என்று நினைத்து இருவரும் பேஸிலேயே நிற்பார்கள். தந்திரக்கார ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, எடுத்து எறிந்து இருவரையும் அவுட் ஆக்கிவிடலாம். ரன்னர்களால் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. இந்த ஏமாற்று வேலையைத் தடுக்கத்தான், பந்து காற்றில் இருக்கும்போதே ‘பேட்டர் அவுட்’ என்று அறிவிக்கிறார்கள். அறிவித்துவிட்டால் ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்கு இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். முதல், இரண்டாவது பேஸ் இரண்டிலுமாவது ஆள் நிற்க வேண்டும். மூன்றிலும் இருந்தாலும் சரி. நேராகப் பாயும் பந்துக்கும் பன்ட்டுக்கும் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடுவது) இது பொருந்தாது. கடைசி நிபந்தனைதான் வம்பு: இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) ஒருவர் ‘சாதாரண முயற்சியில்’ பிடிக்கக்கூடிய பந்தாக இருக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்பது விதியில் இல்லவே இல்லை. பெயரில் உள்ள ‘இன்ஃபீல்ட்’ இடத்தைக் குறிப்பதில்லை, ஆளைக் குறிக்கிறது.

அன்று, அக்டோபர் 5, வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டம்), எட்டாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 6–3 என்று முன்னிலை. ஒரு அவுட், முதல் இரண்டு பேஸிலும் ஆள். ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்துக்கு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் இன்ஃபீல்டர்) பீட் கோஸ்மா பின்னால் ஓடி, கையைத் தூக்கி, பந்துக்கடியில் வந்து நின்றார். பிறகு லெஃப்ட் ஃபீல்டர் மேட் ஹாலிடே எடுப்பார் என்று நினைத்து ஒதுங்க, பந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது. அதற்கு ஒரு கணம் முன்னால்தான் அம்பயர் சாம் ஹோல்ப்ரூக் கையைத் தூக்கினார். மூன்று பேஸும் நிரம்பி ஒரு அவுட் என்றிருக்க வேண்டியது, இரண்டு அவுட் ஆனது. பாட்டில்கள் பறந்தன, 19 நிமிடம் ஆட்டம் நின்றது. மேனேஜர் ஃப்ரெடி கொன்சாலஸ் கொடுத்த ஆட்சேபம் அங்கேயே தள்ளுபடி, ஏனென்றால் அம்பயரின் கணிப்பை எதிர்த்து ஆட்சேபிக்க வழி கிடையாது. (2020-லிருந்து ஆட்சேபம் என்ற வழியையே மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் லீக்) எடுத்துவிட்டது.)

கோஸ்மா பந்துக்கடியில் நின்றுவிட்டதால் எழுத்துப்படி தீர்ப்பு செல்லும். ஆனால் அவ்வளவு ஆழத்தில் பந்தைக் கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்குவது நடக்கிற காரியமா? எந்த ஏமாற்றைத் தடுக்க விதி வந்ததோ அதற்கு அங்கே வேலையே இல்லை. அறிவிப்பும் தாமதம், பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதே கை உயர்ந்திருக்க வேண்டும். வழக்கமான ஆட்டங்களில் நான்கு அம்பயர்கள்தான், பிளேஆஃபில் ஆறு பேர். அன்று கை தூக்கியவர் இடது எல்லைக்கோட்டில் கூடுதலாக நின்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜீரணிக்காமலே இருக்கலாம்.

கேள்வி: 2019 வேர்ல்ட் சீரிஸில் வாஷிங்டனின் ட்ரே டர்னர் நேராகத்தானே ஓடினார்? அவுட் ஏன்?
– நியூ ஜெர்சி வாசகி

பதில்: நேராக ஓடியதுதான் குற்றம்! முதல் பேஸுக்குப் போகும் 90 அடியில் பின்பாதி 45 அடியை, கோட்டுக்கு வெளியே வரைந்துள்ள மூன்றடி அகலப் பாதைக்குள் ஓட வேண்டும். பேஸோ கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே ஓடி உள்ளே மிதிக்கச் சொன்ன விசித்திர விதி. வலக்கை பேட்டர் கிளம்புவதே உள்பக்கத்திலிருந்து என்பதால் மாட்டுவதும் பெரும்பாலும் அவர்தான். ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்த பந்து டர்னர்மேல் பட, அவுட்; முன்னேறியிருந்த யான் கோம்ஸும் முதல் பேஸுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கையைத் தூக்கிய அம்பயர் யார் தெரியுமா? அதே ஹோல்ப்ரூக்! நல்லவேளை, சற்று நேரத்தில் ஆண்டனி ரெண்டன் இரண்டு ரன் ஹோம் ரன் அடிக்க, வாஷிங்டன் 7–2 என்று வென்றது. வெளியேற்றப்பட்ட மேனேஜர் டேவ் மார்டினெஸ் ஓய்வறையிலிருந்துதான் அந்த வெற்றியைக் கொண்டாட முடிந்தது.

2024-லிருந்து கோட்டுக்கும் புல்லுக்கும் இடையிலுள்ள மண் பகுதியிலும் ஓடலாம். 18 முதல் 24 அங்குலம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: 2025-ல் மில்வாக்கியில் டாட்ஜர்ஸின் மேக்ஸ் மன்சி அடித்ததை மில்வாக்கியின் சால் ஃப்ரீலிக் பிடித்தாரா, இல்லையா? பிடித்தால் ஒரு அவுட். பிடிக்காவிட்டால் மூன்று பேஸும் நிரம்பியிருக்க ரன் வந்திருக்க வேண்டும். இரண்டு அவுட் எங்கிருந்து வந்தது?
– சென்னை வாசகர்

பதில்: பிடிக்கவில்லை. பந்து அவர் கையுறையில் பட்டு, சுவரில் மோதி, மறுபடி கையுறைக்கு வந்தது. சுவரில் பட்ட பிறகு எடுப்பது தரையில் விழுந்ததை எடுப்பதற்குச் சமம். ஆக அது ஓட வேண்டிய பந்து. மூன்று பேஸும் நிரம்பியிருந்ததால் எல்லாருமே அடுத்த பேஸுக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் பிடித்துவிட்டார் என்று நினைத்து ரன்னர்கள் தயங்கினார்கள். பந்து ஷார்ட்ஸ்டாப் ஜோயி ஒர்ட்டிஸ் வழியாக ஹோம் பிளேட்டில் நின்ற கேட்சர் வில்லியம் கான்ட்ரெராஸிடம் வந்தது. காலைப் பிளேட்டில் வைத்துப் பிடித்ததால் டியோஸ்கார் ஹெர்னாண்டஸ் அவுட். ரன்னரைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. பிறகு கான்ட்ரெராஸ் தானே மூன்றாவது பேஸுக்குப் போய் அதை மிதித்தார். இரண்டாவதிலேயே நின்றுவிட்ட வில் ஸ்மித்தும் அவுட். குறிப்பேட்டில் இது 8-6-2 டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்): சென்டர் ஃபீல்டர், ஷார்ட்ஸ்டாப், கேட்சர்.

இதில் ரன்னர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிடித்தால்தான் கிளம்ப வேண்டும் என்பது தவறான புரிதல். பந்து ஃபீல்டரை முதலில் தொட்ட நொடியிலேயே கிளம்பலாம். ஹெர்னாண்டஸ் அப்படிக் கிளம்பி நிற்காமல் ஓடியிருந்தால், பிடித்தாலும் ரன், விட்டாலும் ரன். டாட்ஜர்ஸ் 2–1 என்று தப்பித்ததால் இதை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கூட்டத்திலிருந்து கை நீட்டினால் எப்போது அவுட், எப்போது இல்லை?
– நியூயார்க் வாசகர்

பதில்: சுவரின் மேல் விளிம்பிலிருந்து வானம்வரை ஒரு கண்ணாடித் தடுப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டர் அதைத் தாண்டி உங்கள் பக்கம் கை நீட்டினால் அவர் பாடு. நீங்கள் பந்தைப் பிடித்துக்கொண்டாலும் தப்பில்லை. நீங்கள் தாண்டி மைதானத்துப் பக்கம் நீட்டினால் குறுக்கீடு. அப்போது பந்து செத்தது, ஆட்டம் அங்கேயே நிற்கும். இது ஊகித்துக் கொடுக்கும் விதி. ஃபீல்டர் பிடித்திருப்பார் என்று தெளிவாகத் தெரிந்தால் பேட்டர் அவுட்.

1996-ல் யாங்கி ஸ்டேடியத்தில் டெரெக் ஜீட்டர் அடித்ததை 12 வயதுச் சிறுவன் சுவருக்கு மேலே கை நீட்டி இழுத்துக்கொண்டான். அம்பயர் ரிச் கார்சியா ஹோம் ரன் என்றார். குறுக்கீடுதான் என்று பின்னர் ஒப்புக்கொண்டார். 2003-ல் சிகாகோ ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் ஃபீல்டர் மொய்சஸ் அலூவின் கைக்கு வராமல் போன பந்து ரசிகர்கள் பக்கம் இருந்தது, அதனால் குறுக்கீடு இல்லை. அந்த ரசிகரை ஊரே திட்டித் தீர்த்தது அநியாயம். அந்த இன்னிங்ஸில் எட்டு ரன் கொடுத்தது அவரா, கப்ஸ் அணியா?

ஃபீல்டர் மூக்கி பெட்ஸுக்கு மட்டும் இது இரண்டு முறை. 2018-ல் ஹூஸ்டனில் ஹோசே அல்டூவே அடித்ததற்கு அவர் எம்பியபோது ரசிகர்களின் கை பட்டது. அம்பயர் ஜோ வெஸ்ட் அவுட் கொடுத்தார். கை எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டும் கேமரா கோணம் கிடைக்காததால், ரீப்ளேயில் களத் தீர்ப்பே நின்றது. 2024-ல் யாங்கி ஸ்டேடியத்தில் அவர் பிடித்த பந்தையே இரண்டு பேர் கையுறையிலிருந்து பிடுங்கினார்கள். அதற்கு ரீப்ளே எதற்கு? உடனே அவுட்.

முன்வரிசை டிக்கெட் கிடைத்தால்: எதிரணி பேட்டிங் செய்யும்போது பந்து வந்தால் பின்னால் சாய்ந்து உங்கள் ஃபீல்டருக்கு இடம் விடுங்கள். நினைவுப்பரிசு ஆசையில் கை நீட்டினால் மேட்ச் போய்விடும்.

கேள்வி: கிரிக்கெட் டி.ஆர்.எஸ். மாதிரி இப்போது ஸ்ட்ரைக்குக்கும் வந்துவிட்டதாமே?
– கோவை வாசகர்

பதில்: ஆமாம், 2026 சீசனிலிருந்து. ஓர் அணிக்கு இரண்டு முறையீடு, ஜெயித்தால் குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே கேட்கலாம், அதுவும் உடனே, தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டி. வெளியிலிருந்து சைகை காட்டக் கூடாது.

அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக் ஆக, பிளேட்டுக்கு மேலுள்ள ஒரு கட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தின் அகலம் பிளேட்டின் 17 அங்குலம். உயரம் பேட்டருக்கு ஏற்ப மாறும்: மேல் எல்லை அவர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம். ஆறடி ஆளுக்குக் கிட்டத்தட்ட 38.5 அங்குலத்திலிருந்து 19.4 அங்குலம்வரை. குனிந்து நின்று எல்லையைச் சுருக்கும் பழைய வித்தை இனி பலிக்காது. பந்தின் ஓரம் உரசினாலும் ஸ்ட்ரைக்தான். ‘அம்பயர்ஸ் கால்’ என்ற சமாளிப்பு இங்கே கிடையாது. முறையீட்டைக் கேட்சரிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். பிட்சருக்குத் தான் எறிந்ததெல்லாம் ஸ்ட்ரைக்காகத்தான் தெரியும்.

கேள்வி: 2025-ல் டாட்ஜர்ஸ்–ப்ளூ ஜேஸ் மூன்றாவது ஆட்டம் ஏன் 18 இன்னிங்ஸ் இழுத்தது? பத்தாவதிலிருந்து இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஆளை நிறுத்துவார்களே?
– மார்க்கம் வாசகர்

பதில்: அது வழக்கமான சீசனுக்கு மட்டும். பிளேஆஃபில் ஓசி ஆள் கிடையாது.

கேள்வி: ரசிகர்கள் பொருள்களை வீசினால் ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிட அம்பயருக்கு அதிகாரம் உண்டா?
– ஒரு வாசகர்

பதில்: உண்டு. 2015-ல் டொராண்டோவில், கேட்சர் ரஸ்ஸல் மார்ட்டின் பிட்சருக்குத் திருப்பி எறிந்த பந்து சின்-சூ சூவின் மட்டையில் பட்டு உருண்டது. அதில் டெக்சாஸின் ரூக்நெட் ஓடோர் ரன் எடுக்க, பாட்டில்கள் பறந்தன. பேட்டர் வேண்டுமென்றே தடுக்காததால் அந்த ரன் செல்லும். அப்போதும் அம்பயர்கள் காத்திருந்தார்களே தவிர, ஆட்டத்தைப் பறிக்கவில்லை. மேஜர் லீக்கில் கடைசியாக அப்படிப் பறித்தது 1995 ஆகஸ்ட் 10 அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில். அன்று கூட்டம் வீசியது பாட்டில் இல்லை. வாசலில் இலவசமாகக் கொடுத்த பேஸ்பால்கள்.