எந்தச் சீமை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். சீமை என்றால் வெளிநாடு என்று மகளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். "அப்போ சிவகங்கைச் சீமை எந்த வெளிநாட்டில் இருந்தது?" என்று கேட்டுவிட்டாள். ஒரே சொல் எப்படிச் சொந்த மண்ணையும் அயல்நாட்டையும் குறிக்கும்?

— ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். சீமா என்ற வடசொல்லுக்கு எல்லை என்று பொருள். அதிலிருந்து வந்த சீமை, எல்லைக்குள் அடங்கிய நாட்டுக்கும் ஆகிவந்தது. சிவகங்கைச் சீமை, சேதுச் சீமை எல்லாம் அந்தக் கணக்கு. வெள்ளைக்காரத் துரைமாரின் நாடும் ஒரு சீமைதானே? போகப்போக ஊர்ப்பெயர் ஒட்டாமல் வெறுமனே சீமை என்றாலே இங்கிலாந்து என்றாகிவிட்டது. வடக்கே விலாயத் என்ற சொல்லுக்கும் இதே கதை. அரபியில் அது ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. இந்திக்கு வந்து இங்கிலாந்தாகிவிட்டது. உங்கள் கண்மாயில் நிற்கும் மரத்துக்கு அங்கே விலாயதி கீக்கர் என்றே பெயர்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. முற்றிலும் புதிதாக வந்த பொருளுக்கு நம் ஆட்கள் சீமை என்று பேர் வைப்பதில்லை. காப்பிக்கும் ரயிலுக்கும் இங்கே ஒப்பு கிடையாது. அவை சொந்தப் பேரோடேயே வந்து உட்கார்ந்துகொண்டன. இங்கே ஏற்கெனவே ஒன்று இருந்து, அதன் சாயலில் இன்னொன்று வந்தால்தான் சீமை ஒட்டும். விளக்குக்கு எண்ணெய் இருந்தது, மண்ணெண்ணெய் வந்ததும் அது சீமையெண்ணெய். கரும்பலகையில் எழுதுவது சீமைச் சுண்ணாம்பு. படர்தாமரைக்கு அரைத்துப் பூசும் சீமை அகத்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி, இலை அகத்தியை நினைவூட்டும். சப்போட்டாவுக்குச் சீமை இலுப்பை என்றொரு பேர் உண்டு. தாவரவியலிலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். பேர் வைத்தவர் புத்தகம் பார்த்து வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மரத்தைப் பார்த்திருப்பார், பாலைப் பார்த்திருப்பார்.

சீமைக்கருவேலமும் அப்படித்தான். நம்முடைய கருவேலத்தைப் போல முள், நெற்று எல்லாம் இருந்ததால் அந்தப் பேர். சொந்த ஊர் மெக்சிகோ, கரீபியன் பக்கம். இங்கிலாந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கப்பல் ஏறி வந்ததெல்லாம் நமக்குச் சீமைச் சரக்கு, அவ்வளவுதான். வேலிக்காத்தான் என்றும் அதைச் சொல்கிறோமே, அது நன்றி மறக்காத பேர். மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைத்த குடும்பங்கள் உங்கள் பக்கம் ஏராளம். அதற்காகக் கண்மாயில் விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் நிற்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

மகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள். ஊர்ப்பெயர் முன்னால் நின்றால் சீமை நாடு. பொருள் பின்னால் வந்தால் அயல். "சீமைக்குப் போய்ப் படித்தவர்" என்று தனியாக வந்தால் பெரும்பாலும் இங்கிலாந்து. "பெரிய சீமைத்துரை, தட்டைக் கழுவி வைக்கமாட்டாரோ?" என்று வீட்டில் கேட்டால் மட்டும் இந்த விதி செல்லாது.