கட்டடம் ஒன்று, பெயர் மட்டும் பன்மையா?

கேள்வி: அலுவலக வாசலுக்கு 'நோ ஸ்மோக்கிங் இன் தி பிரெமிசஸ்' என்று அறிவிப்புப் பலகை எழுதினேன். "இருப்பது ஒரே கட்டடம், 'பிரெமிஸ்' என்று ஒருமையில் எழுதுங்கள்" என்கிறார் மேலாளர். எது சரி?

பதில்: பன்மைதான் சரி, விட்டுக்கொடுக்காதீர்கள். ஒற்றை அறைக் கடையானாலும், இடத்தைக் குறித்தால் பிரெமிசஸ்தான். வினையும் பன்மையில்தான் வர வேண்டும்: 'பிரெமிசஸ் ஆர்'. ஆனால் 'இன்' என்பதை 'ஆன்' என்று திருத்திவிடுங்கள். 'ஆன் தி பிரெமிசஸ்' என்பதே வழக்கு.

பத்திரங்களைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். அதனால் இந்தச் சொல்லின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. லத்தீன் மூலத்தில் இதற்கு 'முன்னே அனுப்பப்பட்டவை' என்று பொருள். அது 'முன்னே சொல்லப்பட்டவை' என்றானது. ஆங்கிலப் பத்திரங்களில் வீடு, நிலம், கொட்டகை என எல்லாவற்றையும் தொடக்கத்தில் ஒருமுறை விவரித்துவிடுவார்கள். பிறகு அத்தனையையும் திரும்ப எழுதாமல் 'பிரெமிசஸ்' என்று முடித்துக்கொள்வார்கள். நம் பத்திரங்களில் 'மேற்படி' செய்கிற அதே வேலை! பழைய கையெழுத்துப் பத்திரங்களில் அதையும் சுருக்கி ௸ என்று ஒரே குறியாகப் போட்டிருப்பார்கள். நமக்கு மேற்படி மேற்படியாகவே நின்றுவிட்டது. ஆங்கிலத்திலோ அந்த 'மேற்படி'யே வீடு, மனை என்னும் பொருளைப் பெற்று, 18ஆம் நூற்றாண்டில் நிலைத்துவிட்டது. முன்னே சொன்னவை பல என்பதால் வந்த பன்மை, கட்டடம் ஒன்றானபோதும் விலகவில்லை.

முற்றமும் வண்டி நிறுத்துமிடமும்கூட இச்சொல்லுக்குள் அடங்கும். 'பில்டிங்' என்று எழுதியிருந்தால், சுற்றுச்சுவருக்குள் மரத்தடியில் நின்று புகைப்பவர் "நான் கட்டடத்துக்குள் இல்லையே" என்று வாதாடலாம். 'பிரெமிசஸ்' அதற்கு இடம் தராது. தமிழில் 'வளாகம்' என்று எழுதுங்கள், அழகாகப் பொருந்தும்.

மேலாளர் சொல்லும் 'பிரெமிஸ்' தர்க்கவியலுக்கு உரியது. தமிழ்ப் பாடநூல்களில் அது 'எடுகூற்று'. 'மனிதர் அனைவரும் இறப்பவர்', 'சாக்ரடீஸ் மனிதர்' என்ற இரண்டும் எடுகூற்றுகள். 'எனவே சாக்ரடீஸ் இறப்பவர்' என்பது முடிவு. அந்த எடுகூற்றுகளில் ஏதேனும் ஒன்றைத் தனியே குறிக்கும்போது 'பிரெமிஸ்' என்று ஒருமையில் சொல்லலாம். அதன் மேல் நின்று யாரும் புகைபிடிக்க முடியாது என்று மேலாளரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கணினித் துறையில் 'ஆன் பிரெமிஸ்' என்கிறார்களே?

பதில்: மென்பொருளை இணையத்தின் வழியே வாடகைக்கு எடுக்காமல், நிறுவனம் தன் இடத்திலுள்ள சர்வரிலேயே வைத்துக்கொள்வதை அப்படிச் சொல்கிறார்கள். அங்கும் பேசப்படுவது இடம்தான். ஒருமை வடிவம் வேகமாகப் பரவிவிட்டது. என் கைக்கு வரும் பிரதிகளில் இன்றும் அதைப் பன்மையாகத் திருத்தியே அனுப்புகிறேன்.