வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் அடிக்கடி க்ராஷ் ஆகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் எதை மாற்றினால் சரியாகும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: விண்டோஸ் 11 லேப்டாப், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பிரீமியர் புரோவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும்போது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்கிறது. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் பலனில்லை. டாவின்சி ரிசால்வுக்கு மாறினாலும் அதே கதை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேம் முழுதாக நிரம்பவும் இல்லை.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. இரண்டு வேறு கம்பெனிகளின் சாஃப்ட்வேர் ஒரே மாதிரி விழுகிறது என்றால் கோளாறு அந்த இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டுடியோக்காரர்களின் எடிட்டிங் மெஷின்களைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. இந்தப் புகாரோடு வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் யாரோ ஏற்கெனவே யூடியூப் பார்த்து ஏழெட்டு செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றியிருப்பார்கள். எது எதைக் கெடுத்தது என்று பிறகு யாருக்குமே தெரியாது. அதனால் முதலில் எதிலும் கை வைக்காமல், விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படியுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு கிராஃப் தெரியும். க்ராஷ் ஆன நாளில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை க்ளிக் செய்தால் எந்த புரோகிராம், எத்தனை மணிக்கு விழுந்தது என்று தெரியும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரை ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறங்கள். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதற்குக் கீழே 'அப்ளிகேஷன்', 'சிஸ்டம்' என்று இரண்டு பகுதிகள் முக்கியம். அப்ளிகேஷனில் 1000 என்ற எண்ணோடு வரும் எர்ரர்தான் க்ராஷின் பதிவு. அதில் 'ஃபால்டிங் மாட்யூல் நேம்' என்ற வரியைப் பாருங்கள். பிரீமியர் விழுந்திருந்தாலும் அந்த வரியில் கிராபிக்ஸ் டிரைவரின் (கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) ஃபைல் பெயரோ, நீங்கள் இலவசமாக இறக்கிய டிரான்சிஷன் பிளக்இன்னின் பெயரோ இருக்கலாம். பிளக்இன் பெயர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை.

சிஸ்டம் பகுதியில் அதே நேரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்ப்பது 2004 என்ற எண். சோர்ஸ் என்ற இடத்தில் 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்' என்று இருக்கும். உள்ளே, விர்ச்சுவல் மெமரி குறைந்துவிட்டது என்று சொல்லி, அதிகம் எடுத்துக்கொண்ட மூன்று புரோகிராம்களின் பெயரையும் ஒவ்வொன்றும் எத்தனை பைட் எடுத்தது என்பதையும் விண்டோஸே எழுதியிருக்கும். பிரீமியர் முதலிடத்தில், குரோம் இரண்டாமிடத்தில் என்று பல மெஷின்களில் பார்க்கலாம்.

ரேம் நிரம்பாதபோது மெமரி எப்படிக் குறையும்? இதைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் "ரேம் போதவில்லை, 32 ஜிபி போடுங்கள்" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். ஒரு புரோகிராம் விண்டோஸிடம் மெமரி கேட்கும்போது, உடனே பயன்படுத்தாவிட்டாலும் அந்த அளவைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. சீட் காலியாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்தவர் உட்கார முடியாது. இப்படிப் பதிவு செய்யக்கூடிய மொத்த அளவுக்கு விண்டோஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ரேம், அதோடு ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் பேஜ் ஃபைல், இரண்டும் சேர்ந்தது. அந்த வரம்பைத் தொட்டதும் அடுத்த கேள்விக்கு 'இல்லை' என்ற பதில்தான் வரும். வேர்டு, எக்செல் போன்றவை அதைச் சமாளித்துக்கொள்ளும். 4கே ஃபிரேம்களைத் தொடர்ந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', பிறகு 'மெமரி'. எல்லாரும் மேலே உள்ள சதவீதத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் கீழே 'கமிட்டட்' என்ற வார்த்தைக்கு அடியில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 14.9/15.7 என்று இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இரண்டாவது எண் உங்கள் ரேம் அளவோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், பேஜ் ஃபைலை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். "எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், பேஜ் ஃபைலை ஆஃப் செய்யுங்கள்" என்ற அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எடிட்டிங் செய்பவர்களுக்கு அதைவிடக் கெடுதலான அறிவுரை எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் நீங்கள் காப்பி செய்யும் கேமரா ஃபுட்டேஜும், எடிட்டிங் சாஃப்ட்வேர் தற்காலிகமாக உருவாக்கும் கேஷ் ஃபைல்களும் அந்த எஸ்எஸ்டியில் எழுதுவதோடு ஒப்பிட்டால் பேஜ் ஃபைல் எழுதுவது ஒரு பொருட்டே இல்லை.

இதைச் சரிசெய்ய, ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் என்ற கட்டத்தில் உள்ள செட்டிங்ஸ் பட்டன், அதில் அட்வான்ஸ்டு டேப், அதற்குள் விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். மேலே 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்று தொடங்கும் வரியில் டிக் இல்லையென்றால் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊர் மெஷின்களில் அடிக்கடி வருவது. கடையில் விண்டோஸ் போடும்போது சி டிரைவுக்கு 100 ஜிபி, மீதியை டி, இ என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. விண்டோஸ் தானாகப் பார்த்துக்கொள்ளும் பேஜ் ஃபைல், ரேமைப்போல மூன்று மடங்கு வரை வளரும். ஆனால் அந்த டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 100 ஜிபி டிரைவில் அது 12.5 ஜிபிதான். அதற்கும் சி டிரைவில் காலியிடம் இருக்க வேண்டும். சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நிற்கும் லேப்டாப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்று டிக் போட்டும் பயனில்லாமல் போவது இதனால்தான். அப்படி இருந்தால் டிக்கை எடுத்துவிட்டு, அதே எஸ்எஸ்டியில் இடமுள்ள வேறு டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கஸ்டம் சைஸ்' கொடுங்கள். இனிஷியல் 16384, மேக்ஸிமம் 32768 என்று எம்பி கணக்கில் போட்டு 'செட்' பட்டனை அழுத்துங்கள். செட் அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறாது. பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். சி டிரைவில் ஒரு சின்ன பேஜ் ஃபைலை விட்டுவையுங்கள், ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அதன் விவரம் பதிவாக அது தேவை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் மட்டும் பேஜ் ஃபைல் போடவே வேண்டாம். கூடவே பிரீமியரின் மீடியா கேஷை சி டிரைவிலிருந்து வெளியே மாற்றுங்கள். ஒரு கல்யாணத்துக்கே அது பல ஜிபி சாப்பிடும்.

2004 இல்லாமல், சிஸ்டம் பகுதியில் 4101 இருந்தால் கதை வேறு. அது 'டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது' என்ற பதிவு. உங்களுக்கு அது ஸ்கிரீன் ஒரு கணம் கறுத்துத் திரும்பி வருவதாகத் தெரியும். வந்தபின் சாஃப்ட்வேர் இருக்காது. கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையில் 2 விநாடிக்கு மேல் சிக்கிக்கொண்டால் டிரைவரை ரீசெட் செய்யும் ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் உண்டு. கனமான நாய்ஸ் ரிடக்ஷன் எஃபெக்ட் போடும்போது 4 ஜிபி கார்டுக்கு அந்த 2 விநாடி போதாமல் போகலாம். விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'கிராபிக்ஸ் டிரைவர்ஸ்' கீயில் 'டிடிஆர்டிலே' என்ற மதிப்பை உருவாக்கி 8 அல்லது 10 விநாடியாக்கலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வேலை செய்யும்தான், ஆனால் அது டிரைவர் எழுதுபவர்கள் சோதிப்பதற்காக வைத்த வசதி என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். அதற்கு முன்னால் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து முந்தைய டிரைவருக்குத் திரும்பிப் பாருங்கள், குறிப்பாக அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால். என்விடியா கார்டாக இருந்தால் கேம் ரெடி டிரைவரை விட்டு ஸ்டுடியோ டிரைவருக்கு மாறுங்கள். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்' ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு முழு எக்ஸ்போர்ட் ஓட்டிப் பாருங்கள். அதே பக்கத்தில் பிரீமியரைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று கொடுத்தால், லேப்டாப்பில் உள்ள இரண்டு கிராபிக்ஸில் சின்னதைப் பிடித்துக்கொண்டு திணறாது.

திறக்கும்போதோ சேவ் செய்யும்போதோ மட்டும் விழுகிறது என்றால் ஃபோல்டர் பக்கம் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' என்ற இடத்தில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆனில் இருந்தால், டாக்குமென்ட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் சாஃப்ட்வேர் எழுதுவதை அது தடுக்கக்கூடும். அதை ஆஃப் செய்ய வேண்டாம், நல்ல பாதுகாப்பு அது. 'அலவ் ஆன் ஆப்' வழியாக உங்கள் சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். புராஜெக்ட் ஃபைலை ஒன்டிரைவ் சிங்க் செய்யும் ஃபோல்டரில் வைக்காதீர்கள்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'செந்தில் வெட்ஸ் கவிதா' என்று தமிழில் பெயர் வைப்பது இயல்பான ஆசை, விண்டோஸுக்கும் பிரீமியருக்கும் அதில் பிரச்சினை இல்லை. பழைய பிளக்இன்களுக்குத்தான் பிரச்சினை. யூனிகோட் இல்லாத புரோகிராம்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் பழைய கோட் பேஜ்களில் (எழுத்துப் பட்டியல்களில்) தமிழ் கிடையவே கிடையாது. அதனால் அந்தப் பெயர் பிளக்இன்னுக்குப் போய்ச் சேரும்போது வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாததால் அது விழும், கூடவே பிரீமியரையும் இழுத்துக்கொண்டு விழலாம். இதற்காக ரீஜன் செட்டிங்கில் 'பீட்டா: யூஸ் யூனிகோட் யூடிஎஃப் 8' என்ற டிக்கைப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மெஷினில் உள்ள எல்லாப் பழைய சாஃப்ட்வேரையும் சேர்த்துப் பாதிக்கும். சில அதனாலேயே திறக்காமல் போகும். நான் பரிந்துரைக்க மாட்டேன். புராஜெக்ட், கேஷ், எக்ஸ்போர்ட் போகும் பாதையை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். உங்கள் விண்டோஸ் யூசர் ஃபோல்டரே தமிழில் இருந்தால், அக்கவுன்ட் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கிலப் பெயரில் புது அக்கவுன்ட் ஒன்று தொடங்குவதுதான் வழி.

டைட்டில் போட டெக்ஸ்ட் டூலை எடுத்ததுமே விழுகிறதா? கெட்டுப்போன ஃபான்ட் ஒன்று இருக்கலாம். பழைய தமிழ் ஃபான்ட்களை நூற்றுக்கணக்கில் ஒரே ஸிப்பில் வாங்கிப் போட்டிருப்பவர்கள், அவற்றை மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

ஃபுட்டேஜ் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருந்து, சிஸ்டம் பகுதியில் 157 என்ற எண் தெரிந்தால், டிஸ்க் நடுவழியில் கழன்றிருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிஸேபிள் செய்யுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் மட்டும் விழாமல் லேப்டாப்பே ரீஸ்டார்ட் ஆகி, 41 என்ற எண்ணும், பக்கத்தில் 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற சோர்ஸில் எர்ரர்களும் இருந்தால், மேலே சொன்ன எந்த செட்டிங்கும் உதவாது. அது ஹார்டுவேர். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டி ரேமைச் சோதியுங்கள், ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வோல்டேஜ் தொடர்பான கோளாறை அந்தக் கம்பெனியே 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் மூலம் திருத்தம் கொடுத்திருக்கிறது, வாரன்டியையும் நீட்டித்திருக்கிறது. பயாஸ் பழையதாக இருந்தால் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு நான் சொல்லும் வரிசை: இன்று கமிட்டட் எண்ணைப் பார்த்து பேஜ் ஃபைலைச் சரிசெய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். வழக்கமாக எந்த டைம்லைனில் விழுமோ அதையே திறந்து எக்ஸ்போர்ட் கொடுங்கள், அப்போது குரோம் மூடியிருக்கட்டும். மறுபடி விழுந்தால் 1000 பதிவில் உள்ள மாட்யூல் பெயரையும், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் சிஸ்டம் பகுதியில் இருக்கும் எண்களையும் கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.